உற்றவனும் தீர்ப்பானும்
மருந்து என்பதனை நான்கு கூறாகப் பகுக்கும் வள்ளுவர் (குறள் 950), மருத்துவனுக்கு முன்னே நோயாளியை நிறுத்துகிறார். அந்நோயாளிக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நான்கினைக் கூறுவார்: பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தும் வன்மை, மருந்தின் துன்பம் பொறுத்தல். பொருளுடைமை முதலிடம் பெற்றமை நம்மை உறுத்தவே செய்கிறது. பொருளற்றவன் எங்கே செல்வான்? எனினும் நாம் பெரிதும் எண்ணத்தக்கது நோய்நிலை உணர்த்தலே. வலி தொடங்கிய பொழுதையும் அது பரவும் இடத்தையும் உற்றவனே அறிவான். கேட்பார் இல்லையேல் அவ்வன்மையால் பயன் யாது?

கேட்டல் வேறு, கேட்டதைக் கொடுத்தல் வேறு. நோயாளி விரும்பியதைக் கொடாது, ஆராய்ந்து மருந்து கொடுத்தவனையே நற்றிணை (136) உவமைவழி அறவோன் என்கிறது. சாதாரண சளிக்கும் ஊசி வேண்டி நிற்போரிடம் மறுத்துரைக்கும் மருத்துவர் இம்மரபினரே. மறுப்பின் காரணத்தையும் அவர் விளக்கிவிட்டால், மருத்துவன்வழி நிற்றல் நோயாளிக்கு எளிதாகும்.