மீட்டருக்கு முன் கணக்கு

ஹோல்டர் மாட்டவும் பைப் பதிக்கவும் சில மாதங்களில் கை பழகிவிடும். கணக்கு அப்படித் தானாக வந்துவிடாது. எவ்வளவு வர வேண்டும் என்று முன்னாலேயே தெரியாதவருக்கு, மீட்டர் காட்டும் எண் சரியா தவறா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. வயரிங் பழக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட். ஆம்ப்ஸை அதே ஆம்ப்ஸால் பெருக்கி, பிறகு ஓமால் பெருக்கினாலும் வாட். மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். மூன்றாவதுதான் உங்கள் வேலையில் அதிகம் உதவும். ஏன் என்று ஐந்தாவதில் சொல்கிறேன்.

2. 230 வோல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அந்த இடத்தில், அந்த நேரத்தில் அளந்து எழுதுங்கள். ஜார்ஜ் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, வோல்ட், ஆம்ப்ஸ், ஓம் மூன்றையும் இணைக்கும் விதியைத் தேடினார். அந்தக் காலத்து பேட்டரியின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அதனால் அதை ஒதுக்கிவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். 1827-இல் அவருடைய நூல் வந்தது. அழுத்தம் நிலையாக இல்லாமல் எடுத்த கணக்கு எதற்கும் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 4.35 ஆம்ப்ஸ் இழுக்கும். மின்தடை சுமார் 53 ஓம். கிராமத்தில் மாலை நேரத்தில் அழுத்தம் 180-க்கு இறங்கினால் 3.4 ஆம்ப்ஸ்தான் ஓடும். 180-ஐ 3.4-ஆல் பெருக்குங்கள், 612 வாட். வோல்ட் கால் பங்குகூடக் குறையவில்லை, சூடு ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விட்டது. “பெட்டி சூடாகவில்லை” என்று கொண்டு வருபவரிடம் உடனே காயிலை மாற்றிக் காசு வாங்காதீர்கள். ஓம் பாருங்கள். 53-க்குப் பக்கத்தில் இருந்தால் காயிலில் குறை இல்லை.

3. ஓம் பார்க்கும்போது சப்ளை கூடாது, பொருள் லைனிலிருந்து கழன்றிருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஆம்ப்ஸில் வைத்துவிட்டு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒருநாளும் வைக்காதீர்கள். அதன் உள்மின்தடை அநேகமாகப் பூஜ்யம். அது நேரடி ஷார்ட். கிளாம்ப் மீட்டரில் ஒரே ஒரு வயரைப் பிடியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும்.

4. 100 வாட் குண்டு பல்பு கணக்குப்படி 529 ஓம். மீட்டர் வைத்தால் நாற்பது ஓம் அளவில்தான் காட்டும். இரண்டும் சரி. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு மின்தடை, வெள்ளையாகக் கனலும்போது இன்னொன்று. சுவிட்ச் போட்ட நொடியில் அத்தகைய பல்புகள் போவதற்கும் அதுவே காரணம்.

5. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2000 வாட் கீசர் ஒன்று. மெயின் போர்டிலிருந்து முப்பது மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். கீசர் ஓடும்போதே மெயின் போர்டில் 230 வோல்ட், பிளக் பாயிண்டில் 212 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 8 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 18 வோல்ட் தொலைந்திருக்கிறது. 18-ஐ 8-ஆல் வகுத்தால் 2.25 ஓம். அந்த வயர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 ஓம். போக வர அறுபது மீட்டருக்கு அரை ஓம்கூட வராது. மீதி 1.75 ஓம் எங்கே? எங்கோ ஒரு லூஸ் ஜாயிண்டிலோ, கறுத்துப்போன சுவிட்ச் முனையிலோ இருக்கிறது. இப்போது மூன்றாவது கணக்கைப் போடுங்கள். எட்டெட்டு 64, அதை 1.75-ஆல் பெருக்கினால் 112 வாட். ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்குள் மூடி வைத்தால் என்ன ஆகும்?

அந்த லைனின் 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழாது. அதற்குத் தெரிந்தது 8 ஆம்ப்ஸ் மட்டும், அது 16-க்குக் கீழே. அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க உங்கள் கணக்கைத் தவிர அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. அதனால்தான் ஸ்க்ரூவை முழுக்க முறுக்குங்கள், வயரை வெறுமனே திரித்து டேப் சுற்றி விடாதீர்கள் என்று பெரியவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். சப்ளை இருக்கும்போது எடுக்கும் இந்த அளவுகளை, பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எடுங்கள்.

6. மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. காயிலில் சில ஓம்தான் காட்டும், ஆனால் ஓடும்போது அந்த ஓமுக்கு உரிய கரண்ட்டை அது இழுக்காது. வாட் காணவும் வோல்ட், ஆம்ப்ஸ் இரண்டோடு பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 230 வோல்ட், 7 ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் 0.75 என்றால் 1610 அல்ல, சுமார் 1200 வாட்.

7. ஈரக் கையோடு இருப்பவர் உடம்பை 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்ப்ஸ். 6 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை, உயிருக்கு இது மிக அதிகம். 30 மில்லிஆம்ப்ஸ், அதாவது 0.03 ஆம்ப்ஸிலேயே விழும் ஆர்.சி.சி.பி.யை எதற்காக மாட்டச் சொல்கிறோம் என்று வீட்டுக்காரர் கேட்டால், இந்தக் கணக்கையே அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். செலவைப் பார்த்துத் தயங்கினால் இன்னொரு முறை சொல்லுங்கள்.

8. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெரிய லோடுக்கும் வோல்ட், ஆம்ப்ஸ், தேதி மூன்றையும் எழுதி மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த வருடம் மெயின் போர்டில் வோல்ட் குறையாமல், அதே கீசருக்குப் பிளக் பாயிண்டில் மட்டும் இறங்கியிருந்தால், முதலில் அந்த லைனின் ஜாயிண்டுகளைத் திறக்கலாம்.