விதை பொய்த்ததா, மண் பொய்த்ததா?

விதைத்துப் பத்து நாளாகியும் வயல் மொட்டையாகக் கிடந்தால் முதலில் வாயில் வருவது ‘விதை சரியில்லை’ என்பதுதான். சில நேரம் அது உண்மை. ஆனால் ஈரமும் வெப்பமும் காற்றும் ஒத்துழைக்காவிட்டால் முதல்தரமான விதையும் மண்ணுக்குள்ளேயே மடிந்துபோகும். விதை உயிருள்ள பொருள். காய்ந்து கிடக்கும்போது அதன் மூச்சு இருப்பதே தெரியாது; ஈரம் பட்டதும் வேகமெடுக்கும். இந்த ஒன்றை மறந்ததால் வந்தவைதான் கீழே உள்ள தவறான நம்பிக்கைகளில் பல.

நம்பிக்கை: தண்ணீர் நிறைய விட்டால் சீக்கிரம் முளைக்கும்.

உண்மை: விதைக்கு ஈரம் வேண்டும், வெள்ளம் வேண்டாம். உளுந்தும் பாசிப்பயறும் ஏறத்தாழ தம் எடை அளவுக்கு நீரை உறிஞ்சி உப்பியதும் முளைக்கத் தயாராகிவிடும். அதன் பிறகு அவற்றுக்கு உடனே தேவைப்படுவது ஆக்சிஜன். மண்ணின் துளைகளை எல்லாம் தண்ணீர் நிறைத்துவிட்டால் காற்று உள்ளே போக வழியில்லை. விதை மூச்சுத் திணறி அழுகும்.

‘நெல் தண்ணீரில்தானே முளைக்கிறது?’ என்று கேட்கலாம். நெல்லுக்கு ஓர் அபூர்வ ஆற்றல் உண்டு. ஆக்சிஜன் இல்லாத நீருக்கடியிலும் அதன் முளைக்குருத்து மேல்நோக்கி நீளும். ஆனால் அப்போது வேர் சரியாக இறங்காது. குருத்து காற்றைத் தொட்ட பிறகுதான் வேர் வலுக்கும். நம் விவசாயிகளின் முளைகட்டும் முறையும் இதற்குப் பொருந்தியே அமைந்திருக்கிறது. விதைநெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு 24 மணி நேரம் இருட்டில் வைக்கிறார்கள். வடிப்பதே காற்றுக்காகத்தான். அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று சூடு தெரியும். அது நெல் மூச்சு விடுவதால் எழும் சூடு. சூடு மிஞ்சினால் முளை வெந்துவிடும் என்பதால்தான் இடையில் கிளறிவிட்டு நீர் தெளிக்கிறார்கள்.

மானாவாரி நிலத்தில் வேறொரு சிக்கல். விதைத்த கையோடு அடைமழை பெய்து, உடனே வெயில் காய்ந்தால் மேல்மண் பொருக்குத் தட்டிவிடும். கீழே விதை முளைத்திருந்தும் முளையால் பொருக்கை உடைத்து வெளியே வர முடியாது. லேசாகக் கிளறி அதை உடைத்துவிட்டாலே பல வயல்கள் பிழைத்துக்கொள்ளும்.

நம்பிக்கை: விதையோடு சேர்த்து உரம் போட்டால் முளைப்பு வேகமாகும்.

உண்மை: முளைக்கும் விதைக்கு வெளிச்சாப்பாடு தேவையில்லை. அரிசியும் பருப்பும் நமக்காக உண்டானவை அல்ல. முளைக்குருத்துக்குத் தாய் கட்டிக்கொடுத்த உணவு அவை. இலை பச்சையாகித் தன் உணவைத் தானே தயாரிக்கும்வரை அது போதும். ரசாயன உரமோ உப்புப் பொருள். விதையை ஒட்டிக் கிடந்தால் மண்ணின் ஈரம் உப்பாகி, விதையால் நீரை உறிஞ்ச முடியாமல் போகும். யூரியாவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா இளவேரைக் கருக்கும். அடியுரம் விதையைத் தொடாமல், சற்று விலகியும் கீழேயும் இருக்க வேண்டும். உப்புக் கிணற்று நீரில் முளைப்பு குறைவதற்கும் இதே உப்புதான் காரணம்.

நம்பிக்கை: ஆழமாக ஊன்றினால்தான் வேர் பிடிக்கும்.

உண்மை: விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும் என்பது பொதுவான கணக்கு. நிலக்கடலை 4, 5 சென்டிமீட்டர் தாங்கும். கீரை விதையை அந்த ஆழத்தில் போட்டால், கையிருப்பு உணவு தீர்வதற்குள் முளை மேலே வந்து சேராது. மணல் கலந்து தூவி, லேசாக மூடினால் போதும்.

ஒளியும் இதில் சேர்கிறது. 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்யூஸ் கீரை விதைகள்மீது மாறி மாறி ஒளியைப் பாய்ச்சினார்கள். சிவப்பொளி கடைசியாகப் பட்டால் விதை முளைத்தது. அதற்கும் அப்பாலுள்ள தொலைசிவப்பொளி கடைசியாகப் பட்டால் உறங்கியே கிடந்தது. இந்த உணர்வு எல்லா விதைகளுக்கும் இல்லை. பயறுக்கும் நெல்லுக்கும் இருட்டு தடையல்ல. பல களைகளின் பொடி விதைகளுக்கோ இந்த ஒளி உணர்வு உண்டு. உழுதுவிட்டதும் களை திமுதிமுவென்று கிளம்புவதற்கு, புதைந்து கிடந்த விதைமேல் நொடிப்பொழுது வெளிச்சம் படுவதும் ஒரு காரணம்.

நம்பிக்கை: நாற்று நெடுநெடுவென்று உயர்ந்தால் செழிப்பு.

உண்மை: பால்கனித் தொட்டியில் வெளுத்த தண்டோடு வளர்ந்து சாய்கிற நாற்று, வெளிச்சம் தேடித் தவிக்கிறது. தண்டை நீட்டுவதிலேயே தன் சேமிப்பைச் செலவழித்துவிட்டது. முளை மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்த அன்றே தொட்டியை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக இருப்பதே நல்ல நாற்று.

நம்பிக்கை: பழைய விதை முளைக்காது, புது விதை உடனே முளைக்கும்.

உண்மை: இரண்டுமே பாதிதான் சரி. அறுவடையானதும் உறக்கத்தில் இருக்கும் நெல் ரகங்கள் உண்டு; சில வாரம் போனால்தான் நன்றாக முளைக்கும். கொத்து நிலக்கடலை ரகங்கள் பலவற்றுக்கு உறக்கமே கிடையாது. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் செடியிலேயே முளைத்துவிடும். மா, பலா விதைகளைக் காயவைத்தால் செத்துப்போகும். பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு ஊன்ற வேண்டும். மறுபுறம், 1879இல் தாவரவியலாளர் வில்லியம் பீல் அமெரிக்காவின் மிச்சிகனில் புட்டிகளில் புதைத்துவைத்த விதைகளில் சில, 2021இல் தோண்டி எடுத்தபோது முளைத்தன.

வயதைவிட வைத்திருக்கும் விதமே முக்கியம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிப்பிடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு. நெல், பயறு, காய்கறி போன்ற காயவைத்துச் சேமிக்கும் விதைகளுக்கு இது பொருந்தும். புழுக்கமான சமையலறை அலமாரியில் திறந்து கிடக்கும் விதை ஓராண்டில் கெட்டுவிடுவதில் வியப்பில்லை.

நம்பிக்கை: வளர்பிறையில் விதைத்தால்தான் முளைக்கும்.

உண்மை: தேய்பிறையிலும் முளைக்கும். நிலவின் ஈர்ப்பு ஒரு சிறு விதைக்குள் உண்டாக்கும் மாற்றம் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. பட்டம் பார்ப்பது அப்படியல்ல. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதில் கோடை தணிவதும் மழை தொடங்குவதும் அடங்கியிருக்கின்றன. மண்ணின் வெப்பம்தான் இதில் சூட்சுமம். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் கொத்தமல்லி போட்டு முளைக்கவில்லை என்று வருந்துவோர் அதிகம். தனியாவைத் தேய்த்து இரண்டாக்கி விதைக்கிறோம். ஒவ்வொன்றிலும் இரு விதைகள் இருப்பதால் அது நல்ல பழக்கம்தான். ஆனால் கொத்தமல்லிக்குப் பிடித்தது 20, 25 டிகிரிக் குளிர்ச்சி. கொதிக்கும் மண்ணில் எப்படி உடைத்துப் போட்டாலும் அது தேறாது. மிளகாய்க்கோ 25 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். குளிரில் முளைக்க வாரக்கணக்கில் இழுக்கும்.

எல்லாம் ஒத்துழைத்தாலும் போட்ட விதை அத்தனையும் முளைத்துவிடாது. சான்று பெற்ற விதைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச முளைப்புத் திறனே நெல்லுக்கு 80 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம்தான். அதுவும் வெப்பமும் ஈரமும் சீராக உள்ள ஆய்வகத்தில் அளந்த கணக்கு; வயலில் அதைவிடக் குறையத்தான் செய்யும்.

ஆகவே விதைப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டு, எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். துணியில் முளைத்தது வயலில் முளைக்காவிட்டால் ஈரம், ஆழம், உரம், வெப்பம் என்று குறையை அங்கே தேடுங்கள். துணியிலும் முளைக்காவிட்டால் மீதி விதையை விதைக்காமல், ரசீதோடும் பொட்டலத்தோடும் அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அப்போது உங்கள் புகாருக்கு ஆதாரம் இருக்கும்.