மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு

அன்னூர் வட்டாரத்தில் 50 வயதைக் கடந்த பெண்கள் எம்மிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ‘தேய்மானம்’ என்பதே. முழங்கால் வலிக்கும் அதுவே பெயர், எலும்பு மெலிவுக்கும் அதுவே பெயர். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். மூட்டுத் தேய்மானம் வலித்து நம்மை மருத்துவமனைக்கு அழைத்து வரும். எலும்புப்புரையோ, எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், பழைய எலும்பு கரையும் வேகத்துக்குப் புதியது உருவாவதில்லை. முதல் சில ஆண்டுகளில் இழப்பு மிகுதி. ‘பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தே எலும்பு போயிற்று’ என்று வருந்துவோர் உண்டு. பாலூட்டும் மாதங்களில் எலும்பிலிருந்து சிறிதளவு சுண்ணாம்புச்சத்து வெளியேறுவது உண்மையே. ஆயினும் குழந்தை பால் மறந்தபின் அது பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடும். இக்காரணம் காட்டி மகளையோ மருமகளையோ பாலூட்டுவதை நிறுத்தச் சொல்ல வேண்டா.

வாசலில் வழுக்கிக் கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்கள், மாவுக்கட்டைப் பிரித்ததோடு சிகிச்சை முடிந்ததென எண்ணலாகாது. அவ்வளவு சிறு விழுகையில் எலும்பு முறிவதே எலும்புப்புரையின் எச்சரிக்கை. முதுகு கூனுவதும் உயரம் குறைவதும் அத்தகையனவே. டெக்ஸா பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருப்பின் நோய் உறுதியாகும். அதற்கு மாத்திரைகளும் ஊசிகளும் உள்ளன. அடுத்து முறிவது இடுப்பெலும்பாக இருக்கலாம் என்பதாலேயே இதனை வற்புறுத்துகிறோம்.

இப்பருவத்தில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. நம் வீட்டுக் களியை எளிதாக நினைக்க வேண்டா. பாலும் மோரும் உடன் சேரட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கால்சியம் மாத்திரையை மருத்துவரைக் கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும்.