காணொலியில் புகார் விசாரணை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புகார் கொடுத்த ஆசிரியை தேனியில், உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர் சென்னையில். தொண்டு நிறுவனம் என்றால் களப்பணியாளர்கள் நாலைந்து மாவட்டங்களில். இதனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரைக் காணொலியில் விசாரிக்க நேர்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பில் ஒன்றுகூட இதனால் குறையக் கூடாது.

செய்ய வேண்டியவை

• புகாரின் நகலை 7 வேலைநாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்புங்கள். பதில் தர அவருக்கு 10 வேலைநாட்கள் உண்டு. விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

• தலைவர் உட்படக் குறைந்தது 3 உறுப்பினர்கள் இணைந்த பிறகே தொடங்குங்கள். ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் நிறுத்தி, அவர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து கேளுங்கள்.

• புகார்தாரர் எங்கிருந்து பேசப்போகிறார் என்று முன்பே கேளுங்கள். அடுத்த அறையில் மாமியார் இருக்க, குரலைத் தாழ்த்திப் பேசும் பெண்ணால் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. நிறுவனச் செலவில் வெளியே ஒரு தனியறை ஏற்பாடு செய்யுங்கள், ஹெட்போனும் கொடுங்கள்.

• வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காதீர்கள். போனில் மூல உரையாடலைத் திறந்து, எண்ணும் தேதியும் தெரியக் காட்டச் சொல்லுங்கள். எதையும் அழிக்க வேண்டாம் என இரு தரப்புக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

• வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, அதன்பின் கையெழுத்து வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• இருவரையும் ஒரே அழைப்பில் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். எதிர்த்தரப்பின் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்கட்டும்.

• தாளாளரையோ அறங்காவலரையோ ‘சும்மா கேட்டுக்கொள்ள’ உள்ளே விடாதீர்கள். எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை.

• இணைப்பைப் பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; அழைப்பின் தலைப்பில் பெயர் வேண்டாம். ரகசியம் காப்பது சட்டக் கடமை.

• ‘பள்ளிக்குக் கெட்ட பெயர்’ என்று சமரசத்துக்கு வற்புறுத்தாதீர்கள். புகார்தாரர் கேட்டால் மட்டுமே சமரசம். அதிலும் பணப்பேச்சு கூடாது.

• சிக்னல் கிடைக்காமல் போனவரை ‘ஆஜராகவில்லை’ என்று எழுதாதீர்கள். தக்க காரணமின்றித் தொடர்ந்து 3 அமர்வுகளுக்கு வராதிருந்து, 15 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் கொடுத்த பிறகே ஒருதலையாக முடிக்கலாம்.

• 18 வயது நிரம்பாத பிள்ளை பாலியல் குற்றத்துக்கு உள்ளானதாகத் தெரியவந்தால் குழுவுக்குள்ளேயே முடித்துவிடாதீர்கள். போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

• நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகாரைப் பொய் என்று எழுதாதீர்கள். சட்டமே அதை ஏற்கவில்லை.

காணொலியா, நேரிலா என்பதைக் குழுவின் வசதிக்காக முடிவு செய்யாதீர்கள். புகார் கொடுத்தவரை முதலில் கேளுங்கள்.