குதிரைப் பராமரிப்புப் படங்களைச் சுவரில் மாட்டும் முன்

மெரினாவில் சவாரிக் குதிரைகளைக் கவனிப்பவர்களையோ, ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு வரும் குதிரைக்காரர்களையோ பொறுமையாகப் படமெடுத்து முடித்துவிட்டீர்கள். தேய்த்துக் குளிப்பாட்டுவது, கொள்ளு வைப்பது, லாடம் அடிப்பது எல்லாம் கையில் இருக்கிறது. கண்காட்சி என்று முடிவானதும் பலர் நேரே பிரேம் கடைக்குப் போகிறார்கள். பிரேம் கடைசி வேலை.

முதல் வேலை கழிப்பது. இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பிடரி பறக்கக் கடலோரத்தில் நிற்கும் குதிரைப் படத்தை ஒதுக்க யாருக்கும் மனசு வராது. அப்படி ஏழெட்டு சேர்ந்துவிட்டால் குதிரை அழகு மட்டும் நிற்கும். பராமரிப்பு காணாமல் போகும். என் விதி இது: ஒவ்வொரு படத்திலும் ஒரு மனிதக் கை இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கை செய்த வேலையின் தடமாவது இருக்க வேண்டும். ஈர முதுகில் பிரஷ் இழுத்த கோடு போதும். அழகுப் படம் ஒன்றே ஒன்று, அதுவும் அழைப்பிதழுக்கு.

தேறியவற்றை 4×6 அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். கணினித் திரையில் வரிசை போடாதீர்கள். பக்கத்துப் படத்தை எது அமுக்குகிறது என்பது அங்கே தெரியாது. காலை முதல் இரவு வரை என்ற வரிசைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது சீக்கிரம் அலுத்துவிடும். உடம்பின்படி அடுக்குங்கள்: வாய்க்குத் தீனி, முதுகுக்குத் தேய்ப்பு, சேணம் உரசிய இடத்துக்கு மருந்து, கடைசியில் குளம்பு.

குளம்புக்கு ஒற்றைப் படம் பற்றாது. பழைய லாடத்தைக் கழற்றுவது, வளர்ந்த குளம்பை வெட்டுவது, அரத்தால் ராவுவது, புது லாடத்தை வைத்து அளவு பார்ப்பது, ஆணி அடிப்பது, வெளியே வந்த முனையை முறித்து மடக்குவது என்று ஆறு படமாவது வேண்டும். 1878-இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையின் அடுத்தடுத்த கணங்களைக் கட்டம் கட்டமாக ஒரே அட்டையில் அடுக்கினார். நீங்களும் ஆறையும் சிறிதாக ஒரே பிரேமுக்குள் போடுங்கள்.

ஆணிப் படத்துக்குக் கீழே குறிப்பு கட்டாயம். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போல உணர்ச்சியற்றது, ஆணி அதில்தான் இறங்குகிறது, குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை வரும் என்று எழுதுங்கள். இதை எழுதாவிட்டால் பார்ப்பவர் சித்திரவதை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தொழிலாளிக்கு அதைவிட அநியாயம் வேறில்லை. எல்லாக் குறிப்புகளையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் குதிரைக்காரரிடமே படித்துக் காட்டுங்கள். தப்பிருந்தால் அவர் திருத்துவார். பெயர் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பிரிண்ட் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: கரும்பழுப்புக் குதிரை திரையில் பளபளக்கும், தாளில் ஒரே கறுப்பாக அடைந்துவிடும். நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, அதே தாளில் ஒரு துண்டு மட்டும் போட்டுப் பார்த்த பிறகு முழுசாகக் கொடுங்கள். தாள் மேட்தான். பளபளப்புத் தாளில் டியூப்லைட் தெரியும், குதிரை தெரியாது.

மாட்டும்போது பிரேமின் மேல் விளிம்பைப் பார்க்காதீர்கள். எல்லாப் படங்களின் நடுமையமும் தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வரட்டும். பிரேமின் உயரம் 60 செ.மீ., பின்னால் உள்ள மாட்டும் கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நிற்கிறது என்றால், 145-உடன் 30-ஐக் கூட்டி 5-ஐக் கழியுங்கள். ஆணி 170-இல். இந்தக் கணக்கைப் போடாமல் கண்மதிப்பில் அடித்த சுவர்களை ஓட்டைகளே காட்டிக்கொடுக்கும். லாடப் பிரேமை மட்டும் 15 செ.மீ. இறக்கி மாட்டுங்கள். குழந்தைகள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.