சக்கரம் சுழலும் முன்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை, அமரவிளையில் நெய்யாற்றைக் கடக்கிறது. பின்னர் உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே சென்று, தமிழ்நாட்டின் எல்லை ஊரான களியக்காவிளையை அடைகிறது. இச்சாலை மேடும் பள்ளமும் நிறைந்தது. பேருந்தில் செல்வோர் அதனை உணர்வதில்லை. மிதிவண்டியில் செல்வோரின் கால்களோ ஒவ்வோர் ஏற்றத்தையும் அறியும்.

புதிதாக மிதிவண்டி ஓட்டுவோர் சிலர், முதல் நெடும்பயணத்திலேயே முழங்கால் வலியும் முதுகு வலியும் கண்டு, 'இது நமக்கு இயலாது' எனக் கைவிடுகின்றனர். பெரும்பாலும் குறை உடலில் இல்லை. இருக்கையின் உயரத்தில் இருக்கிறது. இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையிலுள்ள பெடலின்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே ஏற்ற உயரம். முழங்கைகள் விறைக்காமல் சிறிது வளைந்திருப்பின், சாலையின் அதிர்வு தோள்களைத் தாக்காது.

வசதி என்பது ஆடம்பரமன்று. பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888-இல் காப்புரிமை பெற்றார். ஒரு சிறுவனின் வசதிக்காகப் பிறந்த டயர் இன்று உலகெங்கும் ஓடுகிறது.

காற்றடைத்த டயருக்குச் சிறு முள்ளும் பகையே. ஆகவே மாற்று டியூபும் கைப்பம்பும் உடன் இருத்தல் நன்று. புறப்படும் முன் காற்று, சங்கிலி, இரு பிரேக்குகள் ஆகியவற்றைச் சோதித்து, தலைக்கவசம் அணிய வேண்டும். இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும். எனவே இரு பிரேக்குகளையும் முன்கூட்டியே மெல்ல அழுத்த வேண்டும். கியர் உள்ள வண்டியாயின், ஏற்றம் தொடங்குமுன்பே இலகுவான கியருக்கு மாறுதல் முறை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்த வேண்டும். நெடுஞ்சாலையில் இடப்பக்க ஓரமாக, பெரியவர் துணையோடு செல்வதே சிறுவர்க்குப் பாதுகாப்பு.

சென்ற தூரம் முழுவதும் திரும்பி வரவும் வேண்டும். முற்றும் களைத்தபின் திரும்ப நினைப்பவர் வழியிலேயே நின்றுவிடுவர். வலிமை பாதி எஞ்சியிருக்கும்போதே திரும்புபவர் மலர்ந்த முகத்தோடு வீடு சேர்வர்.

சொல்லும் பொருளும்
ஏற்றம் – மேட்டுப்பாதை
இலகு – எளிது
காப்புரிமை – கண்டுபிடிப்பின்மேல் ஒருவர் பெறும் சட்ட உரிமை

பயிற்சி
1. இருக்கையின் ஏற்ற உயரத்தை எவ்வாறு அறியலாம்?
2. மழைக்காலத்தில் பிரேக்கை முன்கூட்டியே அழுத்துவது ஏன்?
3. பிரித்து எழுதுக: ஆடம்பரமன்று, தலைக்கவசம்.
4. மிதிவண்டி உறுப்புகளுக்கு உம் வீட்டுப் பெரியோர் தமிழில் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க.