நெடும்பயண மோட்டார் சைக்கிள்: கருவிகளும் உதிரிகளும் – முக்கியக் குறிப்புகள்

மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்கும் ஐடிஐ டூவீலர் மெக்கானிக் பிரிவுக்கும் படிப்பவர்களுக்காக. எடுத்துக்காட்டுப் பாதை: மணாலி – லே.

எது உதிரி, எது சுமை?

• ஒரு பாகத்தைக் கூடவே எடுத்துப் போகலாமா என்பதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகள் போதும். அது போனால் வண்டி நின்றுவிடுமா? சாலையோரத்தில் உட்கார்ந்து கைக்கருவியால் மாற்ற முடியுமா? வழியில் கிடைப்பது அரிதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் பைக்குள் போடலாம். கிளட்ச் கேபிள் மூன்றிலும் தேறுகிறது. பிஸ்டன் ரிங் இரண்டாவது கேள்வியில் தோற்கிறது. இன்டிகேட்டர் பல்பு முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

• இப்படித் தேறுபவை பெரும்பாலும் விலை மலிந்த சின்னச் சாமான்கள். கனமான, விலை கூடிய பாகங்களைச் சுமப்பவர்கள் பயத்தைத்தான் சுமக்கிறார்கள் என்பது என் கருத்து. இது தேர்வில் வராது.

• ராபர்ட் பிர்சிக் எழுதி 1974இல் வெளியான ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ நூலில், பயணத்துக்கு எடுத்த சாமான்களின் பட்டியலே இருக்கிறது. அதன் அடிப்படை, 1968இல் மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு அவர் மகனோடு போன பயணம். அந்தப் பட்டியலில் உள்ள கான்டாக்ட் பாயின்டும் அதைத் தேய்க்கும் அரமும் இன்றைய வண்டிக்குத் தேவையில்லை. மின்னணு இக்னிஷன் அவற்றை ஒழித்துவிட்டது. கேபிள்கள், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் இணைப்பு, டயர் லீவர், கட்டுக்கம்பி ஆகியவை இன்னும் அப்படியே நிற்கின்றன.

• அதே நூலில், நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் நழுவும்போது, பீர் டின்னின் அலுமினியத் தகட்டை வெட்டிச் செருகலாம் என்று கதைசொல்லி யோசனை சொல்கிறார். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கு அந்தத் தகடு பொருத்தமானதுதான்.

பாதை

• அடல் சுரங்கம்: ரோதாங் கணவாய்க்கு அடியில், 9.02 கி.மீ. நீளம், திறப்பு 3 அக்டோபர் 2020. மணாலி–லே தூரத்தை 46 கி.மீ. குறைத்தது.

• தாந்தி: சந்திரா, பாகா ஆறுகள் கூடிச் செனாப் ஆகும் இடம். அங்குள்ள பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று எழுதிய பலகை பைக் ஓட்டிகளிடம் பிரபலம்.

• இந்தப் பாதையின் உச்சம் தங்லங் லா, சுமார் 5,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி.

• வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். போன் செய்து மெக்கானிக்கை வரவழைக்கும் திட்டம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

ஸ்பேனர் கணக்கு

• எம்6 போல்ட்டின் தலை 10 மி.மீ. இதில் எல்லா நாட்டினரும் ஒத்துப்போகிறார்கள்.

• எம்8க்கு வந்தால் பிரிவு தொடங்குகிறது. ஐரோப்பிய வழக்கில் 13, ஜப்பானிய வழக்கில் 12. எம்10க்கு ஐஎஸ்ஓ தரம் 16, பழைய ஜெர்மன் தரம் 17, ஜப்பானிய வழக்கு 14. ஜப்பானிய வடிவமைப்பில் பிறந்த வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17 என்ற வரிசை உதவும். ஐரோப்பிய வண்டிக்காரருக்கு 13 இல்லாமல் முடியாது.

• ஸ்பார்க் பிளக் கழற்ற வழக்கமான பாக்ஸ் அளவுகள்: எம்10 மரைக்கு 16 மி.மீ., எம்12க்கு 18, எம்14க்கு 20.8.

• பெரிய செட் வாங்கிக் கட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கொண்டுபோக நினைக்கும் கருவிகளால் மட்டும் இரண்டு சக்கரங்களையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். கை படாத கருவி வீட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் பின்சக்கர ஆக்சில் நட்டில்தான் விஷயம் வெளிப்படும்: கம்பெனி தரும் குட்டி ஸ்பேனரின் பிடி அந்த இறுக்கத்துக்குப் போதாது. ஒரு துண்டு இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகினால் நெம்புகோலின் கை நீளும். திருப்புவிசை என்பது விசை × தூரம்.

• ராயல் என்ஃபீல்டு புல்லட்: மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு 1955இல் உருவானது, சென்னைத் திருவொற்றியூரில் ஒருங்கிணைப்பு 1956இல் தொடங்கியது. ‘மணாலி–லே வண்டி’ என்று ஊரெல்லாம் நினைக்கும் வண்டி வடசென்னை வண்டி.

சக்கரம்

• ஸ்போக் சக்கரத்தில் பொதுவாக ட்யூப் இருக்கும். அலாய் சக்கரத்தில் பெரும்பாலும் ட்யூப்லெஸ். முதலாவதுக்கு டயர் லீவர், மாற்று ட்யூப், ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், பம்பு. இரண்டாவதுக்கு ஊசி, ரப்பர் திரி, பம்பு. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

• ஹிமாலயன் 411 போன்ற வண்டியில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. ஒரே ஒரு ட்யூபுக்குத்தான் இடம் என்றால் 21 அங்குலத்தை எடுங்கள். அவசரத்துக்குப் பின்டயருக்குள் அடங்கிக்கொள்ளும். 17 அங்குல ட்யூபை 21க்கு இழுத்து மாட்டுவது வம்பு.

• ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைசேஷனைக் கண்டவர் சார்லஸ் குட்இயர் (1839, அமெரிக்கக் காப்புரிமை 1844). மோட்டார் சைக்கிள் ட்யூபில் இருப்பது ஷ்ரேடர் வால்வு. நம் ஊர்ச் சைக்கிள் வால்வு வேறு வகை. பம்பின் வாய் எதற்குப் பொருந்தும் என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

• மலையேறினால் டயர் அழுத்தம் கூடுமா, குறையுமா? கேஜ் காட்டுவது டயரின் உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. சமவெளியில் 30 டிகிரி வெப்பத்தில் 28 பிஎஸ்ஐ என்றால் உள்ளே முழு அழுத்தம் 28 + 14.7 = 42.7. உச்சியில் வெப்பம் 0 டிகிரி எனக் கொண்டால் அது 42.7 × 273 ÷ 303, அதாவது சுமார் 38.5 ஆகச் சுருங்குகிறது. ஆனால் வெளிக்காற்று 7.5 அளவுக்கு இறங்கிவிட்டதால் கேஜ் 31 காட்டும். குளிர் குறைக்கிறது, உயரம் கூட்டுகிறது, உயரம் வெல்கிறது. வாயு விதியில் வெப்பத்தைக் கெல்வினில் போட மறந்தால் விடை கந்தல்.

கேபிளும் செயினும்

• கிளட்ச் கேபிள் அறுவது பெரும்பாலும் லீவர் பக்க நிப்பிள் அருகில். புதிய கேபிளை எண்ணெய் விட்டு, பழையதை ஒட்டியே ஓடவிட்டு, இரு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டிவிடுவது பழைய வழக்கம். அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும். பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டாம். ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் இதுவே.

• செயின் எண்: 428இல் முதல் இலக்கம் 4, அதாவது பிட்ச் 4/8 அங்குலம் (12.7 மி.மீ.). 520, 525, 530 மூன்றுக்கும் பிட்ச் 5/8 அங்குலம் (15.875 மி.மீ.), அகலம்தான் வேறு.

• செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திரும்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

மின்சாரம்

• பிளேடு ஃபியூஸ் நிறங்கள்: 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை, 30 பச்சை. 10 எரிந்த இடத்தில் 20 போடாதீர்கள். அடுத்து உருகப்போவது வயராக இருக்கும், அதற்கு உதிரி கிடையாது.

• பிஎஸ்6 விதி நடைமுறை: 1 ஏப்ரல் 2020. நம் நாட்டுப் புதிய பைக்குகள் ஏறத்தாழ எல்லாமே எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறியதற்கு இதுவே காரணம். உயரத்தில் காற்று மெலியும்போது கார்புரேட்டரில் கலவை செறிந்து பிளக் கரி பிடிக்கும். உட்செலுத்தும் வண்டி சென்சார் பார்த்துத் தானே சரிசெய்துகொள்கிறது. ஆனால் பேட்டரி அடியோடு செத்தால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். ஆகவே கார்புரேட்டர் வண்டிக்கு இரண்டாவது பிளக், உட்செலுத்தும் வண்டிக்கு ஜம்பர் வயர். குளிரில் பேட்டரியின் திறன் குறையும் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

• 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம்: 1 ஏப்ரல் 2019.

பிரேக் எண்ணெய்

• உலர் கொதிநிலை: டாட் 3 – 205 டிகிரி, டாட் 4 – 230, டாட் 5.1 – 260. மூன்றும் கிளைக்கால் வகை, ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 5 சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எண்ணைப் பார்த்து 5க்கும் 5.1க்கும் உறவு உண்டென்று நினைத்தால் ஒரு மதிப்பெண் போச்சு.

பெட்ரோல்

• டேங்க் 15 லிட்டர், மைலேஜ் 30 என்றால் 450 கி.மீ. ஓடும், 365 சுலபம். மலையில் மைலேஜ் 24க்கு இறங்கினால் 360 கி.மீ.தான். ஐந்து லிட்டர் கேன் கட்டுவதற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்கு.

• பெட்ரோலியச் சட்டம் 1934, பிரிவு 8: விற்பனைக்கல்லாத ‘ஏ’ வகைப் பெட்ரோலியம் (தீப்பற்றுநிலை 23 டிகிரிக்குக் கீழ்) 30 லிட்டர் வரை வைத்திருக்க உரிமம் வேண்டாம். கலன் கண்ணாடியோ பீங்கானோ என்றால் 1 லிட்டர், உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.